மூலையா, மூளையா?

"அக்கினி மூலை தவறிவிட்டது! ஆகவேதான் இத்தனை அல்லல்!"

தீர்ப்பு வழங்கியாகிவிட்டது. வழங்கியவர் நீதிபதி அல்லர். கட்டடக் கலை பயின்ற பொறியாளரும் அல்லர். கையிலே ஒரு திசைகாட்டி, நெற்றியிலே பட்டை, நாவிலே நாலைந்து வடமொழிச் சொற்கள் — இவ்வளவே அவருடைய மூலதனம். வாஸ்து நிபுணராம்! அவர் விரல் நீட்டிய சுவர் அன்று மாலையே கடப்பாரைக்கு இரையாகிறது. நேற்றுவரை சோறு பொங்கிய இடம் இன்று தோஷம் பிடித்த இடமாகிறது. பாடுபட்டுச் சேர்த்த பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறி, தென்கிழக்கு நோக்கி நடக்கிறது.

பட்டிக்காட்டிலே பாமரர் செய்யும் காரியம் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பட்டம் பெற்றவர்கள் செய்கிறார்கள். வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று வகுப்பிலே விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும், அடுப்பு எந்தத் திசையில் எரிந்தால் ஆண்டவன் மகிழ்வான் என்று கேட்கும் ஆசிரியர்கள் செய்கிறார்கள். பல மாடிக் குடியிருப்புகள் கட்டி விற்போர், தண்ணீர் வருமா, சாக்கடை வடியுமா என்பதைச் சொல்லுமுன், 'வாஸ்துப்படி அமைந்தது' என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். கணிப்பொறி யுகம்! ஆனால் கணிப்பொறியையும் ஈசானிய மூலை பார்த்து வைக்கிற யுகம்!

வீட்டைத் திருத்தி அமைப்பதை நாம் வெறுக்கவில்லை. இருண்ட வீடு ஒளி பெற வேண்டும், இடிந்த சுவர் எழ வேண்டும், புகையில் கண் கெட்ட தாய்மார் புதிய காற்றைச் சுவைக்க வேண்டும் என்பதில் நம்மைவிட ஆர்வம் கொண்டோர் இருக்க முடியாது. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: அந்தத் திருத்தத்தை நடத்துவது எது? மூலையா, மூளையா?

முதலில் சாத்திரத்தின் சங்கதியைப் பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டிலே உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் இயற்றிய பிருகத் சம்ஹிதையில் வீடு கட்டும் முறை பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. வடகிழக்கிலே தெய்வத்துக்கு இடம், தென்கிழக்கிலே மடைப்பள்ளி, தென்மேற்கிலே தட்டுமுட்டுப் பொருள்கள், வடமேற்கிலே தானியமும் தனமும் என்று அங்கே பங்கீடு நடக்கிறது. தென்கிழக்குக்கு அதிபதி அக்கினியாம். ஆகவே அடுப்பு அங்கேதான் எரிய வேண்டுமாம். நம்மவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு, "பார்த்தீரா பழையோர் அறிவை!" என்று பூரிக்கிறார்கள். அதே அத்தியாயத்தில் உள்ள மற்றொரு பங்கீட்டை ஏனோ மறைத்துவிடுகிறார்கள். வருணத்துக்கு ஏற்ப வீட்டின் அகலம் அங்கே படிப்படியாகக் குறைகிறது. மண்ணுக்குக்கூட வருணம் உண்டு — வெள்ளை மண் பிராமணருக்கு, சிவப்பு மண் சத்திரியருக்கு, மஞ்சள் மண் வைசியருக்கு, கறுப்பு மண் சூத்திரருக்கு! நம்முடைய கரிசல் காட்டு உழவனுக்குச் சாத்திரம் தந்த பட்டத்தைக் கவனித்தீர்களா? அடுப்புக்கு மூலை குறித்த அதே எழுத்தாணிதான் ஆளுக்கும் மூலை குறித்தது. பின்னதை வெட்கத்துடன் விட்டுவிட்டு முன்னதைப் பெருமையுடன் பிடித்துக்கொள்வோரைப் பார்த்துக் கேட்கிறோம்: பாதி கிழிந்த ஓலையை எந்த முறையில் பிரமாணமாகக் கொண்டீர்?

மனையடி சாத்திரத்தின் கதை இதைவிட வேடிக்கை. அறையின் நீளம் இத்தனை அடியானால் செல்வம் கொழிக்கும், ஓரடி கூடினால் வறுமை வாட்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எந்த அடி, ஐயா? நம் முன்னோர் விரலாலும் சாணாலும் முழத்தாலும் கோலாலும் அளந்தார்கள். இன்று கொத்தனார் கையிலே இருக்கும் 12 அங்குல அடி, ஆங்கிலேயன் கப்பலில் வந்து இறங்கியது. அந்த அடிக்கும் நம் ஆதி முனிவர்களுக்கும் எப்போது உடன்படிக்கை ஆயிற்று? 1956ஆம் ஆண்டில் இந்தியா மீட்டர் முறைக்குச் சட்டம் இயற்றியதே, அப்போது இலட்சுமிக்குத் தகவல் தந்தார்களா, 'அம்மையே, இனி அடிக்கு வராதே, மீட்டருக்கு வா' என்று?

உடனே ஓடி வருகிறார் மற்றொரு நண்பர். இவர் பழைய வைதீகர் அல்லர், புதிய வைதீகர். பட்டையை அழித்துவிட்டுப் பகுத்தறிவைப் பூசிக்கொண்டு வருகிறார். "அதிலே விஞ்ஞானம் இருக்கிறது, தோழரே! காலை வெயில் கிழக்கிலிருந்து வரும், கிருமி மாயும். காற்றின் போக்கை அனுசரித்துப் புகை வெளியே போகும். அதற்காகத்தான் தென்கிழக்கு" என்கிறார்.

நன்று. காரணம் என்று ஒன்றைச் சொல்லத் துணிந்தாரே, அதுவே நமக்கு வெற்றி. காரணத்தைச் சோதித்துப் பார்க்கலாம்; கடவுளைத்தான் சோதிக்க விட மாட்டார்கள். காலை வெயில் வேண்டுமா? கிழக்கே சாளரம் வையுங்கள். நாமும் சுண்ணாம்பு குழைத்துத் தருகிறோம். வடகிழக்கிலே இருக்கும் அடுக்களைக்கும் கிழக்குச் சுவர் உண்டல்லவா? அங்கே ஏன் கூடாது? காற்றுதான் காரணமா? சென்னையிலே கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுகிறது. தென்கிழக்கு அடுக்களையின் புகையையும் தாளிப்பு நெடியையும் அது வீட்டுக்குள்ளேதான் தள்ளும். கோவையிலே ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று சீறி வருகிறது. அங்கே கணக்கு வேறு. காற்று ஊருக்கு ஊர் மாறும், பருவத்துக்குப் பருவம் மாறும். மாறாமல் நிற்பது சாத்திரம் ஒன்றுதான். மாறும் காரணத்துக்கு மாறாத விதி எப்படி விஞ்ஞானமாகும்?

இன்னும் சற்றுத் தொலைவு செல்வோம். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்களின் வழிவந்தோர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலே வாழ்கிறார்கள். அங்கே நண்பகல் ஞாயிறு ஆண்டு முழுவதும் வடபுறமாகவே நிற்கும். நிழல் விழும் பக்கமே வேறு. அங்குள்ள தமிழர் வீட்டுக்கும் அக்கினி தென்கிழக்கில்தான் குடியிருப்பாரா, அல்லது அவரும் வடகிழக்குக்கு மாற்றல் வாங்கிக்கொள்வாரா? விஞ்ஞானம் என்றால் மாற வேண்டும். மாறாது என்றால் விஞ்ஞானம் என்ற சட்டையைக் கழற்றிவிட வேண்டும். இரண்டில் ஒன்று சொல்லட்டும்.

வாதம் இருக்கட்டும், விளைவைப் பார்ப்போம். நம்முடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், நல்லவர், நாணயமானவர். கிழக்கு நோக்கிய வீடு, குறுகிய மனை. அடுக்களை பின்புறத்தில் வடமேற்கிலே இருந்தது. இரு சாளரங்கள், அருகிலேயே தண்ணீர்க் குழாய், கழிவுநீர் வடிய கொல்லைப் பக்கம் சரிவு. குறை என்று சொல்ல, மேடையின் உயரக் குறைவும் அலமாரியின்மையும்தான். சில ஆயிரங்களில் தீரக்கூடிய குறை. ஆனால் வீட்டுக் கடன் தீரவில்லையே என்று வாஸ்துக்காரரை அழைத்தார். "அடுப்பு அக்கினி மூலைக்குப் போகட்டும், கடன் பறந்துவிடும்" என்றார் அவர். கிழக்கு நோக்கிய வீட்டிலே தென்கிழக்கு என்றால் தெருப்பக்கம். அங்கே இருந்த சிற்றறை, கல்லூரி நுழையக் காத்திருந்த மகள் படித்துக்கொண்டிருந்த அறை. அந்த அறை அடுக்களையாயிற்று. பழைய அடுக்களை பூசை அறையாயிற்று. மகளின் புத்தகங்கள் கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே குடியேறின. கடன் பறக்க வேண்டும் என்று செய்த இந்த வேலைக்கு அவர் புதிதாக வாங்கிய கடன் 3 இலட்சம் ரூபாய்!

கடனோடு முடிந்ததா? கழிவுநீர்க் குழாயை முன்புறத்துக்குக் கொண்டுவரச் சரிவு போதவில்லை. ஆகவே பாத்திரம் கழுவும் தொட்டி மட்டும் பின்புறத்திலேயே நின்றுவிட்டது. அடுப்பு முன்னே, தண்ணீர் பின்னே, நடுவிலே 30 அடி. தெருப்பக்கச் சாளரம் புழுதிக்கும் போவோர் வருவோர் பார்வைக்கும் அஞ்சி எப்போதும் மூடியே கிடக்கிறது. அந்த வீட்டு அம்மையார் நாளொன்றுக்கு 30 முறை போய் வருகிறார் என்று கொள்வோம். நாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கணக்குத்தான் இது: ஒருமுறை போய்வர 60 அடி, நாளுக்கு 1,800 அடி, ஆண்டுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பத்தாண்டிலே 2,000 கிலோமீட்டர் — கூடத்துக்கும் கொல்லைக்கும் இடையே, கையிலே கரிப்பிடித்த பாத்திரத்துடன்! எந்தத் தலத்துக்கு இந்தப் பாத யாத்திரை? எந்தப் பாவத்துக்கு இந்தப் பரிகாரம்?

இந்த மாற்றத்தைச் செய்யுமுன் வாஸ்துக்காரரைக் கேட்டார்கள்; சோதிடரைக் கேட்டார்கள்; கொத்தனாரைக் கேட்டார்கள்; கடன் தருபவரைக் கேட்டார்கள். கேட்கப்படாத ஒருவர் உண்டு. அந்த அடுக்களையிலே நிற்கப்போகிறவர்! வழக்கை இங்கேதான் நிறுத்த விரும்புகிறோம், தோழர்களே. மூடநம்பிக்கை ஒரு பக்கம்; அதற்கு முதுகெலும்பாக நிற்கும் ஆண் ஆதிக்கம் மறுபக்கம். இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு கூறுகிறது: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அதுவும், ஈடுபட்ட ஆண்களின் கணக்கு. ஈடுபடாத ஆண்களே பெரும்பாலோர்! ஐந்து மணி நேரம் நிற்பவளுக்கு அந்த அறையின் அமைப்பைப் பற்றிச் சொல்ல ஒரு சொல் இல்லை. ஐந்து நிமிடம் நின்று போகும் அன்னியருக்கு இறுதித் தீர்ப்பு! தொழிற்சாலையிலே எந்திரம் வைக்குமுன் அதை இயக்கும் தொழிலாளியின் கருத்தை அறிய வேண்டும் என்று மேடையிலே முழங்குகிறோம். நம் வீட்டுத் தொழிற்சாலையிலே?

பகுத்தறிவு வழி எது என்று கேட்கலாம். அதையும் சொல்லுவோம். 'வாஸ்து பொய்' என்று கூவிவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வேலை அல்ல. வீட்டைத் திருத்தும்போது எல்லாம் ஒருங்கே கிட்டாது. ஒன்றைப் பெற ஒன்றை விட வேண்டும். எதைப் பெறுகிறோம், எதை இழக்கிறோம் என்று தராசிலே நிறுப்பதே அறிவு. சாத்திரமோ தராசையே பிடுங்கிக்கொள்கிறது. அதுதான் அதன் பெருங்கேடு.

நிறுத்துப் பார்ப்போம். சுவர் ஒன்றே இருக்கிறது. சாளரம் வைத்தால் அலமாரிக்கு இடமில்லை, அலமாரி வைத்தால் காற்றுக்கு வழியில்லை. எது மேல்? பருப்பு டப்பாவைப் பரணிலும் வைக்கலாம். நுரையீரலைப் பரணில் வைக்க முடியாது. ஆகவே சாளரம். அடுப்பையும் நகர்த்த வேண்டும், தொட்டியையும் நகர்த்த வேண்டும், பணம் ஒன்றுக்குத்தான் என்றால்? கழிவுநீர்க் குழாய் சரிவுக்குக் கட்டுப்பட்டது; தளத்தை உடைத்தால் செலவு ஏறும். அடுப்போ ஒரு இரப்பர்க் குழாயுடன் நகரக்கூடியது. ஆகவே தொட்டி நிற்கட்டும். அடுப்பு அதன் அருகே வரட்டும். "நீரும் நெருப்பும் பகை; பக்கத்திலே வைக்கலாகாது" என்பார் வாஸ்துக்காரர். பகையா? அவ்விரண்டும் கூடினால்தானே, ஐயா, சோறு! இலினாய் பல்கலைக்கழகத்தார் 1940களில் ஆராய்ந்து, அடுப்பு, தொட்டி, உணவுப் பொருள் வைக்கும் இடம் ஆகிய மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் சுற்றளவு 26 அடிக்கு மிகாதிருக்க வேண்டும் என்று வகுத்தார்கள். அவர்கள் அளந்தது கோள்களின் பார்வையை அல்ல, கால்களின் களைப்பை.

மேடையின் உயரத்தை எதைக் கொண்டு முடிவு செய்வது? கொத்தனாரின் வழக்கத்தைக் கொண்டா, கடைக்காரரின் படத்தைக் கொண்டா? நிற்பவரை நிற்கச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். அதற்கு 4 முதல் 6 அங்குலம் கீழே கோடு போடுங்கள். அதுவே மேடை. நெட்டையான கணவனும் குட்டையான மனைவியும் சமைத்தால்? ஒரு பகுதியை உயர்த்துங்கள், ஒரு பகுதியைத் தாழ்த்துங்கள். மாவு பிசையவும் கிரைண்டர் வைக்கவும் தாழ்ந்த பகுதி உதவும். கூடத்துக்குப் பளிங்குத் தரையா, அடுக்களைக்குப் புகைபோக்கியா என்ற கேள்வி வந்தால், விருந்தாளி ஆண்டுக்குச் சில நாள் பார்ப்பதற்கும், வீட்டார் நாள்தோறும் சுவாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நிறுத்துப் பாருங்கள். தராசு தானே சாயும்.

புகையை எளிதாக எண்ணாதீர்கள். விறகு, வறட்டி, கரி போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் எழும் மாசு 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் உயிர்களைக் குடித்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவற்றிலே 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டவை ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளின் உயிர்கள். அந்த அடுப்புகளிலே அக்கினி மூலையில் எரிந்தவை எத்தனையோ! அக்கினி பகவான் ஓர் உயிரையாவது மீட்டுக் கொடுத்தாரா? எரிவாயு வந்தது நன்மைதான். அதற்கும் அறிவு வேண்டும். உருளையில் உள்ள வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே தேங்கும். ஆகவே சுவரின் அடிப்பகுதியிலே ஒரு காற்றுத் துளை வேண்டும். அக்கினி மூலையைக் குறிக்கத் தெரிந்த எந்த வாஸ்துக்காரராவது இந்தத் துளையைக் குறித்ததுண்டா?

அடுக்களையைக் கூடத்தோடு சேர்த்துத் திறந்து வைப்பதா, சுவர் எழுப்பி மூடி வைப்பதா என்பது இந்நாளின் இன்னொரு விவாதம். இதிலும் ஒரு பழைய நஞ்சு ஒளிந்திருக்கிறது. அக்கிரகாரத்து வீட்டை நினைத்துப் பாருங்கள்: திண்ணை, ரேழி, கூடம், அதற்கும் அப்பால் அடுக்களை. மடி என்ற வேலி. பிற சாதியார் பார்வை பட்டாலே உணவு தீட்டு! திண்ணையோடு நின்றவர்கள் நம் பாட்டன்மார். வீட்டுப் பெண்ணுக்கே மாதத்தில் மூன்று நாள் உள்ளே நுழையத் தடை. தீட்டுக்காக எழுந்த சுவர் எங்கே இருந்தாலும் அது இடிய வேண்டியது. ஆனால் நெடிக்காக எழும் சுவர் வேறு. மிளகாய் வறுத்தால் கூடமெல்லாம் இருமும் வீட்டுக்கு ஒரு கதவு தேவைப்படலாம். திறந்தால் தனிமை நீங்கும், ஆனால் ஓசையும் நெடியும் பரவும். மூடினால் நெடி அடங்கும், ஆனால் உள்ளே இருப்பவர் சிறைப்படுவார். பாதிச் சுவர் எழுப்பலாம். கண்ணாடிக் கதவு போடலாம். நல்ல விசிறி வைத்து முழுக்கத் திறக்கலாம். வீட்டுக்கு வீடு விடை மாறும். காரணம் சொல்லி மாற்றுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

நாம் சொல்லுவது கனவல்ல என்பதற்கு ஒரு பெண்ணின் வாழ்வே சான்று. வியன்னா நகரத்து மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஓர் அடுக்களையை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். இரயில் உணவுப் பெட்டியின் சமையலறையைப் பார்த்தார், நடையை எண்ணினார், கையின் எட்டுதலை அளந்தார், சாளரத்தருகே உட்கார்ந்து காய் நறுக்க இடம் வைத்தார். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. பெண்ணின் நேரத்தை மீட்க வேண்டும் என்பதே நோக்கம். பின்னாளில் அந்த அம்மையார் நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் ஈடுபட்டு, 1941இல் கைதாகி, 1945 வரை சிறையில் வாடினார். எந்த மூலையிலும் முடங்காத மூளை அது!

அந்த அடுக்களைக்கும் குறை சொன்னார்கள், நியாயமாகவே சொன்னார்கள். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய இடம். ஆகவே பெண் அங்கே தனித்துவிட்டாள் என்றார்கள். இந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது. அடிகளைக் குறைத்தால் மட்டும் அடிமைத்தனம் குறைந்துவிடாது. வசதியான சிறையும் சிறையே. இருவர் ஒருவரையொருவர் இடிக்காமல் நிற்க இடமிருக்கும் அடுக்களையே சமத்துவத்தின் அடுக்களை. இரண்டாவது ஆளுக்கு இடம் விட வேண்டும். விட்ட இடத்திலே போய் நிற்கவும் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார் என்று சுற்றுமுற்றும் பார்க்காதீர்கள், இளைஞர்களே, உங்களைத்தான் சொல்லுகிறோம்! மன்றத்திலே பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து "காப்பி எங்கே?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பவர், வாஸ்துக்காரருக்கு அண்ணன், வேறல்லர்.

உங்கள் தெருவிலே அடுத்த கடப்பாரை ஓங்கப்படும்போது அங்கே செல்லுங்கள். சண்டைக்கு அல்ல, ஓர் அளவு நாடாவுடன் செல்லுங்கள். வீட்டுக்காரரிடம் நாலு கேள்வி கேளுங்கள்: இங்கே நிற்பவர் யார்? அவரைக் கேட்டீரா? புகை எவ்வழியே போகும்? இந்தச் செலவு வேறு எந்தத் தேவையை விழுங்குகிறது? நாலுக்கும் விடை கிடைத்தால் அவர் இடிக்கட்டும், கட்டட்டும். நாமும் கல் சுமப்போம். விடையில்லாமல், "சாத்திரம் சொல்லுகிறது" என்று மட்டும் சொன்னால், அந்த வீட்டு அம்மையாரை அழைத்து அவர் கையிலே அளவு நாடாவைக் கொடுங்கள். சாத்திரத்தை எதிர்க்க நம்மிடம் உள்ள ஆயுதங்களிலே அதைவிடக் கூரியது வேறில்லை. அவர் அளக்கட்டும், அவர் சொல்லட்டும், அவர் சொல்வதே அந்த வீட்டுக்கு இலக்கணமாகட்டும்!